லாபம் வேண்டாத மருத்துவமனைக்கு நட்டம் எப்படி வருகிறது?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கர்ட்டிஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மொத்த மக்கள்தொகை ஆயிரத்தைத் தொடாது. அங்கே இயங்கிவந்த மருத்துவ மையத்தை மூடப்போவதாக 2025 ஜூலை முதல் வாரத்தில் அறிவிப்பு வந்தது. அறிவித்தது அதை நடத்திவந்த, அதே மாநிலத்தின் மெக்குக் நகரில் உள்ள கம்யூனிட்டி ஹாஸ்பிட்டல். 25 படுக்கைகள் கொண்ட, லாபநோக்கமற்ற மருத்துவமனை அது. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட்டின் நிதியை மத்திய அரசு குறைக்கப்போவது ஒரு காரணம் என்றது நிர்வாகம். தன் சேவைகளில் பல ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் பண நெருக்கடியில் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னது.

செய்தியைப் படித்தவர்களுக்கு இரண்டு குழப்பங்கள் எழுந்தன. லாபம் பார்க்காத மருத்துவமனைக்கு நட்டம் ஏன் பெரிய விஷயமாகிறது? நிதியைக் குறைக்கும் சட்டம் அதே வாரம், ஜூலை 4 அன்றுதான் கையெழுத்தானது. அதன் முக்கியப் பிரிவுகள் 2027, 2028இல்தான் நடைமுறைக்கு வருகின்றன. பிறகு ஏன் 2025இலேயே மூட வேண்டும்? இரண்டுக்குமான விடை, கிராமப்புற மருத்துவமனைக்குப் பணம் எந்த வழியில் வந்துசேர்கிறது என்பதில் இருக்கிறது.

லாபநோக்கமற்றது என்றால் இலவசம் அல்ல

ஒரு மருத்துவமனையில் மிஞ்சும் பணம் யாருக்குப் போகிறது என்பதைக் குறிக்கும் சொல்தான் ‘லாபநோக்கமற்றது’. இதற்குப் பங்குதாரர்கள் கிடையாது. வரவில் செலவு போக மீதி இருந்தால் கட்டடத்துக்கோ கருவிக்கோ சம்பளத்துக்கோ திரும்பப் போக வேண்டும். கட்டணம் உண்டு, பில் உண்டு, காப்பீட்டு நிறுவனத்தோடு பேரமும் உண்டு. நம்மூர் அரசு மருத்துவமனைபோல ஆண்டுதோறும் பட்ஜெட்டில் ஒதுக்கீடு வந்துவிடும் என்ற உறுதி கிடையாது.

இந்தத் தகுதி பெற்ற மருத்துவமனை மத்திய வருமான வரி கட்ட வேண்டாம்; பெரும்பாலும் சொத்து வரியும் இல்லை. அதற்குக் கைம்மாறாக என்ன தர வேண்டும் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1956இல் வருமான வரித்துறை வகுத்த விதிப்படி, முடிந்த அளவு ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை தர வேண்டும். 1969இல் அது தளர்ந்து, ‘சமூகத்துக்குப் பயன்’ என்ற பொதுவான அளவுகோல் வந்தது. 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் திட்டவட்டமான நிபந்தனைகளைச் சேர்த்தது:

1. மூன்றாண்டுக்கு ஒருமுறை வட்டாரத்தின் உடல்நலத் தேவைகளை ஆய்ந்து வெளியிட வேண்டும்.
2. பணமில்லாதவர்களுக்கு என்ன சலுகை என்பதை எழுத்தில் வைத்து, நோயாளிகளுக்குத் தெரியப்படுத்த வேண்டும்.
3. சலுகைக்குத் தகுதியானவரிடம், காப்பீடு உள்ளவர்களுக்கு வழக்கமாக ஆகும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது.
4. ஒருவருக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்காமல் கடன் வசூலில் கடுமை காட்டக் கூடாது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பல மாநிலங்களில் கிளை பரப்பி, பல நூறு கோடி டாலர் கையிருப்பு வைத்திருக்கும் நகரத்து மருத்துவக் குழுமங்களும் இதே பெயரில்தான் இயங்குகின்றன. வரிச்சலுகை அளவுக்கு அவை திருப்பித் தருவதில்லை என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. அதே கோலை எடுத்து 25 படுக்கை மருத்துவமனையை அளப்பதில் நியாயமில்லை. பங்கு விற்று மூலதனம் திரட்டும் வழி சிறியதற்கு இல்லை. கையிருப்பு, கடன், நன்கொடை, சில இடங்களில் உள்ளூர் வரி, கடைசியில் பெரிய குழுமத்தோடு இணைவது: நட்டம் வந்தால் இருப்பவை இவைதான்.

காத்திருப்பதற்கு ஆகும் செலவு

நடு இரவில் அவசர சிகிச்சைப் பிரிவு திறந்திருக்க வேண்டுமென்றால் மருத்துவர், செவிலியர், ரத்தப் பரிசோதனைக்கு ஒருவர், எக்ஸ்ரே எடுக்க ஒருவர், ஆக்சிஜன், ஜெனரேட்டர் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அன்றிரவு பத்துப் பேர் வந்தாலும் ஒருவரும் வராவிட்டாலும் இந்தச் செலவு குறையாது.

புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். இப்படித் தயாராக இருக்க ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் ஆகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 30,000 பேர் வரும் நகரத்து மருத்துவமனையில் இது தலைக்கு 100 டாலர். 3,000 பேர் வரும் கிராமப்புற மருத்துவமனையில் தலைக்கு 1,000 டாலர். காப்பீடு கொடுப்பதோ வந்த நோயாளிக்குச் செய்த சிகிச்சைக்கு மட்டும்தான். வராத நோயாளிக்காக விழித்திருந்ததற்கு யாரும் பில் கட்டுவதில்லை. ஆனால் அந்த ஊருக்கு மருத்துவமனையின் மதிப்பே அந்த விழிப்பில்தான் இருக்கிறது. ‘நட்டத்தில் ஓடுகிறது, நிர்வாகம் சரியில்லை’ என்று சொல்லிவிட்டு நகர்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

இதே மெக்குக்கில் வாழ்ந்தவர் செனட்டர் ஜார்ஜ் நாரிஸ். 1930களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு மின்சாரம் வந்துவிட்டது. பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான். ஒரு மைல் கம்பி இழுத்தால் இரண்டு மூன்று வாடிக்கையாளர்தான் கிடைப்பார்கள், கட்டுபடியாகாது என்று மின் நிறுவனங்கள் ஒதுங்கின. 1936இல் நாரிஸ் முன்னின்று நிறைவேற்றிய ஊரக மின்மயச் சட்டம், விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்து அந்தக் கம்பியை இழுக்க வைத்தது. மருத்துவமனையின் கணக்கும் கம்பிக் கணக்குதான்: தூரம் அதிகம், தலைகள் குறைவு. மின்சாரத்துக்குக் கிடைத்ததுபோல் முழுமையான ஏற்பாடு மருத்துவத்துக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவை ஒட்டுப்போட்ட ஏற்பாடுகள்.

பில்லை யார் கட்டுகிறார்கள்?

1. மெடிக்கேர். 65 வயதைக் கடந்தவர்களுக்கும் உடற்குறை உள்ள சிலருக்குமான மத்திய அரசுக் காப்பீடு. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, முதியவர்கள் தங்கிய ஊர்களில் வரவின் பெரும்பங்கு இதிலிருந்துதான்.

2. மெடிக்கெய்ட். வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் காப்பீடு. பொதுவாக இது தரும் தொகை குறைவு. ஆனாலும் ஒன்றுமே வராமல் போவதற்கு இது எவ்வளவோ மேல்.

3. தனியார் காப்பீடு. பெரும்பாலும் வேலை கொடுப்பவர் வழியாக வருவது. அதிகத் தொகை தருவதும் இதுதான். மற்ற பிரிவுகளில் விழும் பள்ளத்தை நகரத்து மருத்துவமனைகள் இதைக் கொண்டுதான் நிரப்புகின்றன. பெரிய நிறுவனங்களே இல்லாத வட்டாரத்தில் அந்த வழி குறுகிப்போகிறது.

4. காப்பீடே இல்லாதவர்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரிடம் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, ஆபத்து நீங்கும்வரை சிகிச்சை தர வேண்டும். மனிதாபிமானம் உள்ள சட்டம். ஆனால் அந்தச் செலவுக்குச் சட்டம் பணம் ஒதுக்கவில்லை. அது மருத்துவமனையின் ஏட்டில் வாராக்கடனாக நிற்கிறது.

நான்காம் வகையில் எத்தனை பேர் என்பது பல ஊர்களில் மருத்துவமனை நிலைக்குமா என்பதையே தீர்மானிக்கிறது. மெடிக்கெய்ட்டை இன்னும் பலருக்கு விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. நெப்ராஸ்கா மக்கள் 2018இல் வாக்களித்து விரிவாக்கத்தை ஏற்றார்கள். 2020 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. பக்கத்திலிருக்கும் கான்சாஸ் ஏற்கவே இல்லை. டெக்சாஸும் டென்னசியும் அப்படியே. மூடப்பட்ட கிராமப்புற மருத்துவமனைகளில் பெரும்பகுதி விரிவாக்கத்தை ஏற்காத மாநிலங்களில்தான் இருக்கிறது.

1946 முதல் 1997 வரை

ஊருக்கு ஊர் மருத்துவமனை எப்படி வந்தது? 1946இல் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட ஹில்–பர்ட்டன் சட்டம், மருத்துவமனை கட்ட மாநிலங்களுக்கு மத்திய நிதி கொடுத்தது. 1965இல் மெடிக்கேரும் மெடிக்கெய்ட்டும் வந்தன. முதலில் மெடிக்கேர் மருத்துவமனையின் செலவைப் பார்த்துப் பணம் கொடுத்தது. செலவு எகிறியதால் 1983இல் முறை மாறியது: இன்ன நோய்க்கு இன்ன தொகை, அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். நிறைய நோயாளிகள் வரும் இடத்தில் ஒன்றில் போனதை இன்னொன்றில் பிடித்துவிடலாம். பத்துப் பேர் வரும் இடத்தில் சிக்கலான ஒரே நோயாளி அந்த மாதக் கணக்கையே கவிழ்த்துவிடுவார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான சிறு மருத்துவமனைகள் மூடப்பட்டன.

அதற்கு மருந்தாக 1997இல் உருவானதுதான் ‘கிரிட்டிக்கல் ஆக்சஸ் ஹாஸ்பிட்டல்’. அதுபோனால் மக்களுக்கு வேறு கதியில்லை என்ற நிலையில் உள்ள மருத்துவமனை என்று புரிந்துகொள்ளலாம். நாடு முழுவதும் 1,300க்கு மேல் இருக்கின்றன. மெக்குக் மருத்துவமனையும் ஒன்று. நிபந்தனைகள்:

1. உள்நோயாளிப் படுக்கைகள் 25க்கு மேல் கூடாது.
2. அடுத்த மருத்துவமனை 35 மைலுக்கு, அதாவது சுமார் 56 கிலோமீட்டருக்கு, அப்பால் இருக்க வேண்டும். மலைப்பாதையோ சிறு சாலைகளோதான் என்றால் 15 மைல். 2006க்கு முன்பு மாநிலங்கள் இதில் விலக்கு அளித்த மருத்துவமனைகளும் உண்டு.
3. நோயாளிகள் தங்கும் காலம் ஆண்டுச் சராசரியில் 96 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.
4. அவசர சிகிச்சை இரவும் பகலும் இருக்க வேண்டும்.

இவற்றை ஏற்றால், மெடிக்கேர் நோயாளிகளுக்கு ஆன ஏற்கத்தக்க செலவில் 101 சதவீதத்தை அரசு தரும். கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றுகிறது. 2013 முதல் மெடிக்கேர் தொகைகளில் பிடிக்கப்படும் 2 சதவீதத்தைக் கழித்தால் அது செலவுக்கும் சற்றுக் கீழே வந்துவிடுகிறது. தவிர, இது அரசு நேரடியாக நடத்தும் மெடிக்கேருக்குத்தான் பொருந்தும். தனியார் நிறுவனங்கள் நடத்தும் ‘மெடிக்கேர் அட்வான்டேஜ்’ திட்டங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவற்றில் பலவற்றுக்கு முன்அனுமதி வாங்கவே தனியாக ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. நாடு முழுவதும் மெடிக்கேர் பயனாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இப்போது அந்தப் பக்கம்தான்.

யாருக்கும் எளிதில் புரியாத வரி

2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் மருத்துவமனைகள் அதிகம் அஞ்சும் பகுதி இது. கேட்டவுடன் மருத்துவமனை மீதான வரியைக் குறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். வரி குறைந்தால் நல்லதுதானே? இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

மெடிக்கெய்ட்டுக்கு மாநிலம் ஒரு பங்கு போட்டால் மத்திய அரசு தன் பங்கைப் போடும். மாநிலத்தின் பங்குக்குப் பணம் வேண்டுமே? அதற்கு மாநிலங்கள் மருத்துவமனைகளிடமே ஒரு வரி வாங்குகின்றன. மாநிலம் இப்படி 40 டாலர் திரட்டினால் அதற்கு ஈடாக மத்திய அரசு 60 டாலர் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 டாலரும் மெடிக்கெய்ட் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைகளுக்குக் கூடுதல் தொகையாகப் போகிறது. 40 கொடுத்தவர்களுக்கு 100 வருகிறது. இது கணக்கு வித்தை என்று சொல்பவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் மெடிக்கெய்ட்டின் வழக்கமான தொகை செலவுக்குக் காணாத நிலையில், பல சிறிய மருத்துவமனைகள் தலைக்குமேல் தண்ணீர் போகாமல் இருப்பது இந்தப் பணத்தால்தான்.

விரிவாக்கத்தை ஏற்ற மாநிலங்களில் இந்த வரியின் உச்சவரம்பு 2028 நிதியாண்டு முதல் ஆண்டுக்கு அரை சதவீதமாகக் குறைந்து, 6 சதவீதத்திலிருந்து 2032இல் 3.5 சதவீதத்துக்கு வரும். வரி 40லிருந்து 24 ஆகக் குறைந்தால் மருத்துவமனைகளுக்கு வருவதும் 100லிருந்து 60 ஆகும். காப்பீட்டு நிறுவனங்கள் வழியாக மாநிலங்கள் தரவைக்கும் கூடுதல் தொகைகளுக்கும் தனி வரம்பு வருகிறது. ஏற்கெனவே உள்ளவை 2028 முதல் படிப்படியாகக் குறையும்.

இன்னொரு பக்கம், விரிவாக்கத்தில் காப்பீடு பெற்ற 19 முதல் 64 வயது வரையிலானவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை, படிப்பு அல்லது சமூகப் பணி செய்வதை நிரூபிக்க வேண்டும். விலக்குகள் உண்டு. 2027 ஜனவரிக்குள் பெரும்பாலான மாநிலங்களில் இது தொடங்க வேண்டும். தகுதியை ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். வேலை செய்துகொண்டே தாள் நிரப்பத் தவறியவர்களும் இதில் காப்பீட்டை இழப்பார்கள் என்பதுதான் என் பெரிய கவலை. அறுவடைக் காலத்தில் ஒரு மாதம் 200 மணி நேரம், அடுத்த மாதம் ஒன்றுமில்லை என்று வேலை அமையும் ஊர்கள் இவை. அப்படி விடுபட்டவருக்கும் மாரடைப்பு வரும். அவர் வருவது அதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான்.

அப்படியானால் 2025இலேயே மூடியது ஏன்?

இந்த மருத்துவமனைகளின் முடிவுகள் பல ஆண்டுகளை முன்வைத்து எடுக்கப்படுபவை. கிராமத்துக்கு ஒரு மருத்துவரை வரவழைக்கச் சில ஆண்டு ஒப்பந்தம் போட வேண்டும். ஸ்கேன் கருவி வாங்கினால் தவணை நீளும். 2028இல் வரவு குறையும் என்று தெரிந்த நிர்வாகக் குழு, ஏற்கெனவே கையைக் கடிக்கும் ஒரு மையத்தில் புது மருத்துவரை அமர்த்தக் கையெழுத்துப் போடாது. ‘அந்த மையம் எப்படியும் மூடியிருக்கும், சட்டத்தின் மீது பழிபோடுகிறார்கள்’ என்று வாதிடலாம். பழைய நலிவும் உண்மை, வரப்போகும் வெட்டும் உண்மை. விளிம்பில் நிற்பவருக்குச் சிறிய தள்ளல் போதும்.

மாற்றாக, அதே சட்டம் கிராமப்புற மருத்துவத்துக்கு 5,000 கோடி டாலர் நிதி ஒதுக்கியிருக்கிறது: 2026 முதல் 2030 வரை ஆண்டுக்கு 1,000 கோடி. பாதியை மாநிலங்கள் சமமாகப் பிரித்துக்கொள்ளும். மீதியை மெடிக்கேரையும் மெடிக்கெய்ட்டையும் நிர்வகிக்கும் மத்திய அமைப்பு தன் மதிப்பீட்டின்படி பகிரும். பெரிய தொகைதான். ஆனால் கிராமப்புறங்களில் மெடிக்கெய்ட் செலவு பத்தாண்டில் சுமார் 13,700 கோடி டாலர் குறையும் என்று கே.எஃப்.எஃப். ஆய்வு அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. நிதி 2030இல் முடிகிறது. வெட்டு அப்போதுதான் வேகமெடுக்கிறது. பணம் மாநிலத்துக்குப் போகிறது, இன்ன மருத்துவமனைக்கு இவ்வளவு என்ற உறுதி எதுவும் இல்லை.

முதலில் போவது பிரசவ வார்டு

மருத்துவமனை ஒரே நாளில் மூடப்படுவது அரிது. ஒவ்வொரு சேவையாக உதிரும். முதல் இலை பெரும்பாலும் பிரசவ வார்டுதான். எந்நேரமும் சிசேரியன் செய்யத் தயாராக மருத்துவரும் மயக்க மருந்து தருபவரும் செவிலியர்களும் வேண்டும். பிறப்புகள் குறைந்துகொண்டே வருகின்றன. கிராமப்புறப் பிரசவங்களில் ஏறக்குறைய பாதிக்குப் பணம் தருவது மெடிக்கெய்ட். 2010இல் பிரசவம் பார்க்காத கிராமப்புற மருத்துவமனைகள் 43.1 சதவீதம், 2022இல் 52.4 சதவீதம். வலி எடுத்தபின் வேறு ஊருக்குக் காரில் போக வேண்டிய பெண்களை இந்த எண்ணுக்குள் பார்க்க வேண்டும்.

முழுதாக மூடினால் என்ன ஆகும் என்பதற்குக் கான்சாஸின் ஃபோர்ட் ஸ்காட் ஓர் எடுத்துக்காட்டு. 1886இல் கத்தோலிக்கக் கன்னியர்கள் தொடங்கிய மெர்சி மருத்துவமனை 132 ஆண்டுகளுக்குப் பிறகு 2018 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. அதுவும் லாபநோக்கமற்றதுதான். அந்தக் கட்டடத்தில் இயங்கிய புற்றுநோய்ச் சிகிச்சை மையமும் அடுத்த மாதமே போனது. அவசர சிகிச்சைப் பிரிவை வேறொரு மருத்துவமனை எடுத்து நடத்தியது. 2023 இறுதியில் அதுவும் நின்றது.

வட கரோலினாவின் பெல்ஹேவனில் பங்கோ மருத்துவமனையை வைடன்ட் ஹெல்த் என்ற லாபநோக்கமற்ற குழுமம் 2014 ஜூலையில் மூடியபோது, அவ்வூர் மேயர் ஆடம் ஓ’நீல் நீதி கேட்டு வாஷிங்டனுக்கு 273 மைல் நடந்தே போனார். அவர் குடியரசுக் கட்சிக்காரர். தன் கட்சி எதிர்த்த மெடிக்கெய்ட் விரிவாக்கத்தையும் ஆதரித்தார். மருத்துவமனை போய்விடும் என்ற நிலையில் கட்சிக்கோடு அழிந்துவிடுகிறது.

நடுவழியும் ஒன்று உண்டு. 2023 முதல், உள்நோயாளிப் படுக்கைகளை விட்டுக்கொடுத்து அவசர சிகிச்சையையும் வெளிநோயாளிச் சேவையையும் மட்டும் வைத்துக்கொள்ளும் மருத்துவமனைக்கு மத்திய அரசு மாதாமாதம் நிலையான தொகை தருகிறது. தொடக்கத்தில் அது சுமார் 2.73 லட்சம் டாலர். யாரும் வராத இரவுக்கும் பணம் தரும் ஏற்பாடு என்பதால் இதைச் சரியான திசையில் ஓரடி என்றே சொல்வேன். விலைதான் கனம்: நிமோனியா வந்த பாட்டியை இனி உள்ளூரில் சேர்க்க முடியாது.

மருத்துவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

தமிழர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. ஜே-1 விசாவில் மேற்பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு மருத்துவர் பயிற்சி முடிந்ததும் இரண்டாண்டு தாய்நாடு திரும்ப வேண்டும். மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்றாண்டு வேலை செய்தால் அதிலிருந்து விலக்கு உண்டு. 1994இல் வடக்கு டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டில் மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர் வரை. அமெரிக்காவில் பணிபுரியும் வெளிநாட்டில் படித்த மருத்துவர்களில் இந்தியாவிலிருந்து வந்தவர்களே அதிகம். சென்னையிலோ மதுரையிலோ படித்த ஒருவர் கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள ஊருக்கு வந்துசேரும் வழிகளில் இதுவும் ஒன்று. அப்படி வந்தவரின் மருத்துவமனை மூடினால் அவருடைய விசாவும் கேள்விக்குறியாகும். மூன்றாண்டு முடிவதற்குள் தகுதியான இன்னொரு இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அமெரிக்கச் சிற்றூரில் வசிப்பவர்கள் தங்கள் மருத்துவமனையின் நிலையைத் தாங்களே பார்க்கலாம். லாபநோக்கமற்ற மருத்துவமனை ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குத் தரும் 990 எண் படிவம் பொது ஆவணம், இணையத்திலேயே கிடைக்கும். மொத்த வரவும் செலவும் முதல் பக்கத்தில் இருக்கும். இலவசச் சிகிச்சைக்கும் மெடிக்கெய்ட் பற்றாக்குறைக்கும் எவ்வளவு போனது என்பது ‘ஹெச்’ என்ற இணைப்பில் இருக்கும். மூன்று நான்கு ஆண்டுப் படிவங்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, நிர்வாகக் குழுவிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: பிரசவ வார்டை இன்னும் எத்தனை ஆண்டு நடத்தத் திட்டமிருக்கிறது?